தமிழ்நாடு இவி (எலக்ட்ரிக் வண்டி) பாலிசி ரிவ்யூ: ஓசூர்ல 11 பேரு வேலை பாக்கற ஒரு பட்டறையில இருந்து

போன மாசம் கரூர்ல இருந்து அக்கா பையன் போன் பண்ணான். "மாமா, ஓசூர்ல ஒரு ஷெட் பிடிச்சு ரெண்டு விஎம்சி (உலோகத்தைக் குடையற கம்ப்யூட்டர் மெஷின்) போடலாம்னு யோசனை, இவி பார்ட்ஸ் பண்ணா கவர்மெண்டு அள்ளிக் குடுக்குதாமே, நீங்க அங்கயேதான இருக்கீங்க, எப்படி மாமா இருக்கு?"ன்னு கேட்டான். நானும் முக்கா மணி நேரம் பேசினேன். கடைசியில "அப்ப வரட்டுமா வேண்டாமா மாமா"ன்னான், அவ்வளவு தெளிவா சொல்லியிருக்கேன். அதான் உட்கார்ந்து எழுதிடலாம்னு. கூலண்ட், இன்சர்ட், செகண்ட் ஹேண்ட் மெஷின் டீலர்னு எத்தனையோ ரிவ்யூ போட்டாச்சு, இதுவும் காசு குடுத்து வாங்கின பொருள்தான், என்ன, ஜிஎஸ்டியா குடுத்திருக்கோம், பில்லு மட்டும் கைக்கு வரல.

யாரு யூஸ் பண்ணாங்கன்னு தெரிஞ்சாத்தான் ரிவ்யூவுக்கு மதிப்பு, அதனால என்னைப் பத்தி ரெண்டு வரி. ஓசூர்ல 17 வருஷமா ஜாப் ஒர்க், 4 டர்னிங் சென்டர் (கம்ப்யூட்டர் லேத்து), 3 விஎம்சி, 11 பேரு. முன்னாடி முழுக்க டூ வீலர் இன்ஜின் பார்ட்ஸ், இப்ப பாதிக்குப் பாதி மோட்டார் ஹவுசிங், கன்ட்ரோலர் கவர் மாதிரி இவி ஐட்டம். நேரா பெரிய கம்பெனிக்கு சப்ளை கிடையாது, அவங்களுக்கு சப்ளை பண்றவங்களுக்கு நாங்க சப்ளை, அதாவது பந்தியில மூணாவது வரிசை, சாம்பார் எங்க கிட்ட வரும்போது தண்ணியாத்தான் வரும்.

முதல்ல பொருள் என்னன்னு பாத்துடுவோம். 2019 செப்டம்பர்ல முதல் பாலிசி வந்துச்சு, 50,000 கோடி முதலீடு, ஒன்றரை லட்சம் வேலைன்னு டார்கெட். 2023 பிப்ரவரியில அதையே திருத்தி புதுசா விட்டாங்க, அதுலயும் 50,000 கோடி, ஒன்றரை லட்சம் வேலை. அதே நம்பர். பழைய டார்கெட்ல எவ்வளவு ஆச்சு, மீதி எவ்வளவு, இது அதோட தொடர்ச்சியா இல்ல முதல்ல இருந்து எண்றோமான்னு ஒரு வரி சேர்த்திருந்தா நல்லா இருந்திருக்கும். நம்ம கடையில பழைய பாக்கியை அடுத்த நோட்டுல முன் பாக்கின்னு எழுதாம விட்டா ஆடிட்டர் சும்மா விடுவாரா?

உள்ள என்ன இருக்குன்னா, ஸ்டேட் ஜிஎஸ்டியை திருப்பிக் குடுக்கறது, விற்பனையை வச்சு மானியம், போட்ட முதலுக்கு மானியம், இந்த மூணுல ஒண்ணை கம்பெனி எடுத்துக்கலாம். இது போக நிலம், முத்திரைத்தாள், கரண்டு வரின்னு சலுகை. தென் மாவட்டத்துல போட்டா நிலத்துக்கு இன்னும் கூட. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள போகணும்னா குறைஞ்சது 50 கோடி முதலீடு, 50 பேருக்கு வேலை. எங்க தெருவுல இருக்கற மெஷின், டீக்கடை பாய்லர், என் டிவிஎஸ் எக்ஸ்எல் எல்லாத்தையும் கூட்டினாலும் 50 கோடி வராது. அதனால மருமகனே, முதல் விஷயம், நீ கேள்விப்பட்ட "அள்ளிக் குடுக்கறது" உனக்கு இல்ல. நமக்கு இருக்கறது எம்எஸ்எம்இ, அதாவது சிறு குறு நடுத்தரத் தொழில் பக்கம், மெஷினுக்கு 25 சதவீதம் முதலீட்டு மானியம், 2021 எம்எஸ்எம்இ பாலிசியில உச்ச வரம்பை ஒன்றரை கோடி வரைக்கும் ஏத்தினாங்க. அது நிஜமாவே நல்ல ஸ்கீம், அதுக்கு அப்புறம் வரேன்.

பெருசுங்களுக்கு இது எப்படி வேலை செஞ்சுதுன்னு கேட்டா, வெளிய இருந்து பாத்தவனா சொல்றேன், நிலம் விஷயத்துல அசத்திட்டாங்க. 2020 டிசம்பர்ல இ-ஸ்கூட்டர் பண்ற ஓலா ஒப்பந்தம் போட்டப்ப போச்சம்பள்ளி பக்கம் அது வெறும் நிலம், 500 ஏக்கர். 2021 ஆகஸ்ட்ல முதல் வண்டி வெளிய வந்துச்சு. ஒரு வருஷம் கூட ஆகல. நான் ஒரு ஷெட்டுக்கு கரண்டு லோடு ஏத்த அலைஞ்சது அதை விட ஜாஸ்தி நாள். (பொறாமைதான், ஒத்துக்கறேன்.) நிலம் ரெடியா இருந்தது, ரோடு இருந்தது, பர்மிஷன் எல்லாம் ஒரே இடத்துல பேசி முடிக்க ஆள் இருந்தாங்க, இது ஏதோ 2019 பாலிசியில திடீர்னு முளைச்சதில்ல, சிப்காட்னு தொழிற்பேட்டை போடற அரசு நிறுவனத்தை 1971ல ஆரம்பிச்சு ஐம்பது வருஷமா நிலத்தை எடுத்து எடுத்து வச்சிருந்ததோட பலன். பாலிசி பேப்பர்ல மானியம்தான் பெரிய எழுத்துல இருக்கு, ஆனா என் கணக்குல நிஜமா ஜெயிச்சது நிலமும் வேகமும்தான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். எல்லாரும் "பாலிசி வந்துச்சு, அப்புறம் பாரு ஓசூர் பூரா இவி கம்பெனி"ன்னு சொல்றாங்க. சரி, பாலிசி வரலைன்னா வந்திருக்காதா? டிவிஎஸ் இந்த ஊருக்கு எழுபதுகள் கடைசியிலயே வந்தாச்சு, அசோக் லேலண்டு 1980, டைட்டன் எண்பதுகள்ல வந்துச்சு, அதுவே மாநில அரசோட டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து ஆரம்பிச்சது. காஸ்டிங்கு, ஃபோர்ஜிங்கு, ஹீட் ட்ரீட்மெண்ட், பிளேட்டிங், டூல் ரூம், எது வேணும்னாலும் பத்து கிலோமீட்டருக்குள்ள ஆள் இருக்கான். பெங்களூர் 40 கிலோமீட்டர். டூ வீலர் பண்ற எவனுக்கும் இந்தியாவுல இதை விட தோதான ஊர் எத்தனை இருக்கு, விரல் விட்டு எண்ணிடலாம். அப்ப இவங்க மானியத்துக்காக வந்தாங்களா, இல்ல எப்படியும் வர வேண்டியவங்க வந்து மானியத்தையும் வாங்கிக்கிட்டாங்களா? காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதையான்னு பாக்கணும்ல. அமெரிக்காவுல திமோத்தி பார்ட்டிக்னு ஒரு பொருளாதாரக்காரர், வாழ்நாள் பூரா இதையேதான் நோண்டிக்கிட்டு இருக்காரு, அவர் 2018ல பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் சேர்த்துப் பாத்து சொன்னது, இந்த மாதிரி சலுகை வாங்கின கம்பெனிங்கள்ல நூத்துக்கு 2ல இருந்து 25 வரைக்கும்தான் சலுகைக்காக முடிவை மாத்தினவங்க, மத்தவங்க எல்லாம் சலுகை இல்லாட்டியும் அதையேதான் பண்ணியிருப்பாங்கன்னு. அவங்க ஊர் கணக்கு, அப்படியே இங்க ஒட்டாது, ஆனா அந்தக் கேள்வி ஒட்டும்.

ஊரைச் சொல்றதுக்கு முன்னாடி என்னையே சொல்லிக்கறேன். 2022ல ஒரு விஎம்சி வாங்கினேன், 38 லட்சம். 25 சதவீதம், ஒன்பதரை லட்சம் மானியம் சாங்ஷன் ஆச்சு. கைக்கு வர 22 மாசம். அதுக்குள்ள எந்த ஆபீஸ்ல எத்தனை தடவை "சார் மீட்டிங்ல இருக்காரு" கேட்டேன்னு எழுதினா தனி ரிவ்யூ ஆயிடும், ஃபைல்ல ஒரு தடவை மெஷின் சீரியல் நம்பர்ல ஒரு சைபர் விட்டுப் போச்சுன்னு மூணு மாசம் போச்சு. அந்த ஒன்பதரை லட்சத்துக்கு பேங்குல நான் கட்டின வட்டியே கிட்டத்தட்ட 1,80,000. சரி அது போகட்டும். உண்மையைச் சொல்லணும்னா அந்த மெஷினை நான் மானியம் இல்லாட்டியும் வாங்கியிருப்பேன். பழைய மெஷினோட ஸ்பிண்டில் போயிடுச்சு, ஆர்டர் கையில இருந்துச்சு, வேற வழியே இல்ல. அப்ப அரசாங்கத்தோட கணக்குல "மானியத்தால் வந்த முதலீடு 38 லட்சம்"னு ஒரு வரி ஏறியிருக்கும், அது பொய்யி. நானே அந்தப் பொய். பணம் வந்தப்ப வேண்டாம்னா சொன்னேன், பொண்ணு காலேஜ் ஃபீஸ் கட்டினேன்.

அதே நேரம், மானியம் இருந்திருந்தா மட்டுமே நாங்க வாங்கியிருக்கக்கூடிய ஒரு சாமான் இருந்துச்சு. நாலு பட்டறைக்காரங்க சேர்ந்து ஒரு சிஎம்எம் போடலாம்னு பேசினோம். அளவு பாக்கற மெஷின், மோட்டார் ஹவுசிங்ல பேரிங் உட்காருற ஓட்டை மைக்ரான் கணக்குல இருக்கணும், ரிப்போர்ட் இல்லாம பார்ட்டை உள்ளயே விட மாட்டான், ஒவ்வொரு தடவையும் வெளிய குடுத்து அளந்து காத்திருக்கறதுல ஒரு நாள் போயிடும். தனியா ஒருத்தனுக்கு அது கட்டுப்படி ஆகாது, நாலு பேருக்குன்னா ஆகும். பொது வசதி மையம்னு ஸ்கீம் இருக்கு, ஆனா அதுக்கு நிறைய யூனிட்டு சேரணும், தனியா ஒரு கம்பெனியா பதியணும், இடம் காட்டணும், டிபிஆர்னு முழு திட்ட அறிக்கை போடணும். நாங்க நாலு பேரு, ரெண்டு பேருக்குள்ள ஏற்கனவே பேச்சுவார்த்தை கிடையாது. விட்டாச்சு. எப்படியும் நடக்க இருந்ததுக்கு காசு வந்துச்சு, காசு வந்தா மட்டுமே நடந்திருக்கும்ங்கறதுக்கு வழி இல்ல, என்னோட மொத்த புகாரும் இந்த ஒரு வாக்கியம்தான், மீதி எல்லாம் விளக்கம்.

இதை எப்படித்தான் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டா, பட்டறையில புது கூலண்ட் வந்தா நாம என்ன பண்ணுவோம்? சேல்ஸ்மேன் "இன்சர்ட் (வெட்டற முனை) லைஃப் டபுள் ஆகும் சார்"னு சொல்வான். எல்லா மெஷின்லயும் ஊத்திட்டு போன மாசத்தை விட இந்த மாசம் நல்லா இருக்கான்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, ஏன்னா இந்த மாசம் மெட்டீரியலே வேற லாட்டா இருக்கும், ஆபரேட்டர் மாறியிருப்பான். அதனால ஒரு மெஷின்ல புதுசு, பக்கத்துல அதே வேலை ஓடற இன்னொரு மெஷின்ல பழசு, ரெண்டையும் ஒரே வாரம் ஓட்டிப் பாப்போம். பாலிசிக்கும் இதேதான். ஓசூர்ல எவ்வளவு ஏறிச்சுங்கறதை மட்டும் பாக்காம, பார்டருக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவுல அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகனியில எவ்வளவு ஏறிச்சுன்னு பாக்கணும். அதே கிளைமேட்டு, அதே சப்ளையர், அதே பெங்களூர் மார்க்கெட்டு, அரசாங்கம் மட்டும் வேற. இல்லைன்னா 55 கோடி போட்டு சலுகை வாங்கினவனையும் 45 கோடி போட்டு வாங்காதவனையும் அஞ்சு வருஷம் கழிச்சுப் பக்கத்துல நிக்க வச்சு பாக்கணும்.

இங்கிலாந்துல கிட்டத்தட்ட இப்படி ஒண்ணு பண்ணாங்க. ஐரோப்பிய யூனியன் விதி மாறினப்ப எந்தெந்த ஏரியாவுக்கு எவ்வளவு மானியம் குடுக்கலாம்ங்கற மேப்பும் மாறிச்சு, சில ஊருக்குத் திடீர்னு கூடிச்சு, சில ஊருக்குக் குறைஞ்சுது, ஊர் நல்லா இருந்ததாலயோ கெட்டதாலயோ இல்ல, விதி மாறினதால. அதை வச்சு கணக்குப் போட்டு 2019ல வெளியிட்டாங்க. சின்ன கம்பெனியில மானியத்தால வேலை கூடியிருக்கு, பெரிய கம்பெனி காசை வாங்கி உள்ள போட்டுக்கிட்டு எப்பவும் போல இருந்திருக்கு. இதைப் படிச்ச அன்னைக்கு அந்த 50 கோடி லைன் ஞாபகம் வந்து டீ இறங்கல எனக்கு. அந்த ஆராய்ச்சி சொல்றது சரின்னா நாம கேட்டைப் போட்டிருக்கறது தப்பான பக்கத்துல.

சரி, ஏத்தர் கதைக்கு வாங்க, இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. இ-ஸ்கூட்டர் பண்ற பெங்களூர் கம்பெனி, ஃபேக்டரி முதல்ல அங்க ஒயிட்ஃபீல்டுல இருந்துச்சு. கர்நாடகா 2017லயே இவி பாலிசி விட்டாச்சு, நாட்டுலயே முதல்ல விட்டது அவங்கதான். ஆனாலும் ஏத்தர் ஃபேக்டரி ஓசூருக்கு வந்துச்சு, 2019 டிசம்பர்ல ஒப்பந்தம், 635 கோடி. சென்னையில உட்கார்ந்து பாத்தா இது பெரிய வெற்றி. எனக்கும் சந்தோஷம்தான், அந்த ஃபேக்டரியால இந்த ஊர்ல எத்தனையோ பேருக்கு சோறு. ஆனா டெல்லியில உட்கார்ந்து பாத்தா ஒரு ஃபேக்டரி கொஞ்சம் தள்ளி நகர்ந்திருக்கு, அதுக்கு ஒரு மாநிலம் வரியை விட்டுக் குடுத்திருக்கு, அவ்வளவுதான். அப்புறம் 2024ல அதே கம்பெனி அடுத்த ஃபேக்டரியை மகாராஷ்டிராவுல, அவுரங்காபாத்ல போடறதா அறிவிச்சது. கம்பெனி மேல தப்பே இல்ல, நான் ஓனரா இருந்தா நானும் அதைத்தான் பண்ணுவேன். மாநிலம் மாநிலமா ஏலம் விட்டா ஏலம் எடுக்கறவன் ஜாலியாத்தான் இருப்பான்.

ஏலத்துல ஏமாந்தவங்க கதை வேணும்னா அமெரிக்காவுல விஸ்கான்சின். 2017ல ஃபாக்ஸ்கான் வருது, 10 பில்லியன் டாலர், 13,000 வேலைன்னு ஒரே கொண்டாட்டம், கிட்டத்தட்ட 3 பில்லியன் டாலர் சலுகை. 2021ல ஒப்பந்தத்தை திருத்தினப்ப 1,454 வேலைன்னு வந்து நின்னுச்சு. வேலை குடுத்தாத்தான் காசுன்னு எழுதி வச்சிருந்ததால மாநிலம் தப்பிச்சுது, ஆனா உள்ளூர் பஞ்சாயத்து நிலம் எடுக்கவும் ரோடு போடவும் செலவு பண்ணது பண்ணதுதான். அதே ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோனா தள்ளிக்கிட்டு இருக்கு. கம்பெனி ஒண்ணுதான், ஊர்தான் வேற.

ஸ்ரீபெரும்புதூர்னு சொன்னதும் நோக்கியா ஞாபகம் வருது, அதையும் சொல்லிடறேன், ஏன்னா என் வாதத்துக்கு எதிரான சாட்சி அது, மறைச்சா நல்லா இருக்காது. 2006ல ஆரம்பிச்சு 2014 நவம்பர்ல மூடினாங்க. அன்னைக்கு யாராவது ரிவ்யூ எழுதியிருந்தா 5க்கு 1 போட்டிருப்பான், ஆயிரக்கணக்குல பசங்க, பொண்ணுங்க வேலை போய் ரோட்டுல நின்னாங்க. ஆனா அந்த எட்டு வருஷத்துல லைன்ல நின்னு சோல்டரிங் பாத்த கை, ஷிஃப்ட் பஸ், ஹாஸ்டல், கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் தெரிஞ்ச ஆளு, இதெல்லாம் ஊரை விட்டுப் போகல. நோக்கியா இருந்த இடத்தையே போன் சார்ஜர் பண்ற சால்காம்ப் வாங்கிச்சு. 2024-25ல தமிழ்நாட்டுல இருந்து போன எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலர், நாட்டு மொத்தத்துல 41 சதவீதம். அதுல எவ்வளவு நோக்கியா போட்ட விதைன்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது, ஆனா சைபர்னும் சொல்ல முடியாது. ஆக எந்த வருஷம் நிறுத்தி அளக்கறோம்ங்கறதை வச்சே ரேட்டிங் தலைகீழா மாறும், இவி பாலிசிக்கும் இதே நியாயம் குடுக்கணும், அதனாலதான் நான் 1 போடாம இருக்கேன்.

அடுத்தது போர்டு விஷயம். எம்எஸ்எம்இ மானியத்துக்கு அரசு ஒரு முன்னுரிமைத் தொழில் லிஸ்ட்டு வச்சிருக்கு, அதுல இருந்தா சலுகை சுலபம். லிஸ்ட்டுன்னு ஒண்ணு வந்தா மனுஷன் லிஸ்ட்டுக்குத் தகுந்த மாதிரி மாறுவான். எங்க லைன்லயே ஒரு அண்ணன், இருபது வருஷமா ஸ்பின்னிங் மில் மெஷினுக்கு புஷ் பண்ணிக்கிட்டு இருந்தவரு, திடீர்னு பெயிண்டரை கூப்பிட்டு போர்டுல "இவி காம்பொனன்ட்ஸ்"னு சேர்த்துட்டாரு, பக்கத்துல பச்சை கலர்ல ஒரு பிளக் படம் வேற. "என்னண்ணே புது ஆர்டரா"ன்னேன். "ஆர்டர் எல்லாம் ஒண்ணுமில்லப்பா, பேங்க் மேனேஜர் போர்டுல இருந்தா நல்லதுன்னாரு"ன்னாரு. உள்ள அதே புஷ்தான். யாராவது மேல இருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துல இவி யூனிட் எத்தனைன்னு எண்ணினா அவரும் ஒரு எண்ணிக்கை.

இதுல இன்னொரு சங்கதி, எல்லா மாநிலமும் ஒரே லிஸ்ட்டைத்தான் வச்சிருக்கு. இவி, செமிகண்டக்டர், டிஃபென்ஸ், டேட்டா சென்டர். ஐரோப்பாவுல 2014ல இருந்து ஒவ்வொரு பிராந்தியமும் தனக்கு எது கை வந்த கலையோ அதைத் தேடித் தேர்ந்தெடுத்தாத்தான் ஆராய்ச்சி நிதின்னு ஒரு விதியே போட்டாங்க, யோசனை அருமையான யோசனை, ஆனா அப்புறம் ஆராய்ச்சிக்காரங்க போய்ப் பாத்தா நிறைய இடத்துல பக்கத்து ஊரைப் பாத்து காப்பி அடிச்ச லிஸ்ட்டு, அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாத்தையும் டிக் பண்ணி வச்சிருந்தாங்க. நம்ம ஊர்ல திருச்செங்கோட்டை யாரு செலக்ட் பண்ணா? போர்வெல் லாரின்னா ஊரு பூரா அங்கதான் போகுது. கரூர் பஸ் பாடியை யாரு செலக்ட் பண்ணா? திருப்பூர் பனியன் எந்த பாலிசி பேப்பரைப் பாத்து ஆரம்பிச்சுது? அது தானா வளர்ந்ததுக்கு அப்புறம்தான் ஆபீசர் கார் வந்துச்சு.

வேலைக் கணக்குலயும் ஒரு பொருத்தமில்லாத விஷயம் இருக்கு. இவியில 50,000 கோடிக்கு ஒன்றரை லட்சம் வேலைன்னா ஒரு வேலைக்கு 33 லட்சம். 2022ல விட்ட செருப்பு, தோல் பொருள் பாலிசியில 20,000 கோடிக்கு 2 லட்சம் வேலைன்னு சொன்னாங்க, ஒரு வேலைக்கு 10 லட்சம். ரெண்டும் அவங்களே சொன்ன டார்கெட்டுதான், நடந்த கணக்கு இல்ல. வேலைதான் குறின்னா மூணு மடங்கு வித்தியாசம். பெரம்பலூர், ராணிப்பேட்டை, செய்யாறுன்னு அந்த ஷூ கம்பெனிங்க போற ஊரும் அப்படி, வேற பெரிய தொழில் இல்லாத ஊரு, பொண்ணுங்க வீட்டுல இருந்து பஸ் ஏறி போய்ட்டு வராங்க. ஓசூருக்கு பாலிசி இல்லாட்டியும் ஒருத்தன் வருவான், பெரம்பலூருக்கு சும்மா எவன் வருவான்? மானியத்துக்கு வேலை இருக்கற இடம் அதுதான். எனக்கு இதைச் சொல்ல கஷ்டமா இருக்கு, என் ஊருக்கு வர்ற காசை நானே வேண்டாம்கற மாதிரி ஆகுது.

இன்னொண்ணு, மாநில பாலிசி எவ்வளவு பெருசா இருந்தாலும் எங்க ஆர்டர் புக்கை ஆட்டறது வேற இடம். 2023 ஜூன் 1ல மத்திய அரசு இவி விலைக்குக் குடுத்த ஃபேம் மானியத்தைக் குறைச்சது, பேட்டரி கிலோவாட் அவருக்கு 15,000ல இருந்து 10,000, வண்டி விலையில 40 சதவீத வரம்பு 15 ஆச்சு. மே மாசம் நாடு பூரா லட்சத்துக்கு மேல வித்த இ-ஸ்கூட்டர் ஜூன்ல பாதிக்கும் கீழ. எங்களுக்கு வர்ற ஷெட்யூலும் அப்படியே பாதி, ரெண்டு பசங்களை ஊருக்குப் போயிட்டு வாங்கப்பான்னு அனுப்பினேன், ஒருத்தன் திரும்பி வரவே இல்ல. அப்புறம் 2025 ஏப்ரல்ல சைனாக்காரன் ரேர் எர்த் காந்தத்துக்கு கட்டுப்பாடு போட்டான். ஹவுசிங் பாலிஷ் போட்டு அடுக்கி வச்சிருந்தோம், மோட்டாருக்கு உள்ள வைக்க காந்தம் இல்ல. ஓசூர் பட்டறையில ஸ்டாக் தேங்கிச்சு, காரணம் சைனாவுல ஒரு உத்தரவு. இதுக்கு தமிழ்நாட்டு பாலிசியை திட்ட முடியாது, ஆனா பாராட்டும்போதும் அதையே ஞாபகம் வச்சுக்கணும், 2021, 22ல சேல்ஸ் ஏறினதுக்கும் பெட்ரோல் விலையும் டெல்லி மானியமும் பெரிய காரணம்.

இன்ஜின் பார்ட்ஸ்காரங்க நிலைமை பத்தி எந்தக் கணக்குலயும் பெருசா காணோம். கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன், வால்வு, கேம், கிளட்ச், கியர் பாக்ஸ், ஒரு பெட்ரோல் வண்டிக்கு எத்தனை பட்டறை சோறு தின்னுச்சு, இவியில பாதிக்கு மேல அது இல்லவே இல்ல. இப்போதைக்கு பயமில்ல, 2024-25ல வித்த டூ வீலர்ல இவி நூத்துக்கு 6 அளவுலதான், பெட்ரோல் வண்டி இன்னும் ராஜா மாதிரி ஓடுது. ஆனா பாலிசியை எடை போடும்போது தராசுல ஒரு தட்டுல புதுசா வந்த வேலையை மட்டும் வச்சுட்டு இன்னொரு தட்டை வெறுமையா விட்டா எடை எப்படி சரியா வரும்?

கரண்டு பத்தி சொல்லலைன்னா இந்த ஊர்ல என்னை உள்ள விட மாட்டாங்க. பெருசுங்களுக்கு கரண்டு வரி விலக்கு, சின்ன பட்டறைக்கு 2022 செப்டம்பர்ல ஃபிக்ஸட் சார்ஜ் ஏறிச்சு, பீக் அவர் சார்ஜ் வேற, சங்கம் சங்கமா தெருவுல நின்னு கத்தினதுக்கு அப்புறம் பீக் அவரைக் கொஞ்சம் குறைச்சாங்க. மெஷின் ஓடலைன்னாலும் ஃபிக்ஸட் சார்ஜ் ஓடும். எனக்கு மானியமா வந்த காசுல எவ்வளவு இந்த வழியா திரும்பப் போச்சுன்னு ஒரு நாள் கணக்குப் போட ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டேன், பிபி ஏறுது.

பேமெண்ட் இன்னொரு தலைவலி. எனக்கு மேல இருக்கற ஒரு பார்ட்டி, பேர் வேண்டாம், 45 நாள்னு சட்டம் இருக்கும்போது 110 நாள் ஆக்கினான். 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரியில 45 நாளுக்குள்ள குடுக்கலைன்னா அந்த வருஷச் செலவுல கழிக்க முடியாதுன்னு வந்ததும் கொஞ்சம் இறங்கி 70 நாளுக்கு வந்திருக்கான். டெல்லியில ஒரு சட்டப்பிரிவு சும்மா எழுதினதுல எனக்குக் கிடைச்ச லாபம் ஒன்பதரை லட்சம் மானியத்தை விட உருப்படியா இருக்கு. பெருசுங்களுக்குக் குடுக்கற ஜிஎஸ்டி ரீஃபண்டுல "உன் கீழ இருக்கறவனுக்கு 45 நாள்ல குடுத்தேன்னு சர்டிஃபிகேட் கொண்டா"ன்னு ஒரு வரி சேர்த்தா அரசாங்கத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்ல.

ரேட்டிங் கேட்பீங்க. நிலம், வேகம், பெரிய கம்பெனியை கூட்டிட்டு வந்து உட்கார வைக்கறது, இதுக்கு 5க்கு 4. எங்கள மாதிரி மூணாவது வரிசைக்கு 2, அதுவும் எம்எஸ்எம்இ மானியம் இருக்கறதால. பலன் என்னன்னு அளந்து சொல்றதுக்கு 1. 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டுல 631 ஒப்பந்தம், 6.64 லட்சம் கோடின்னு சொன்னாங்க, அந்த 631ஐயும் வரிசையா போட்டு எது ஷெட்டு போட்டாச்சு, எது கேட்டோட நிக்குது, எத்தனை பேருக்கு பிஎஃப் பிடிக்கறாங்கன்னு ஒரு எக்செல் ஷீட் வருஷா வருஷம் எல்லாரும் பாக்கற மாதிரி போட்டா நானே வந்து 3 ஆக்கி விடறேன்.

மருமகனுக்கு: முதல்ல பி.ஓ, அதான் பர்ச்சேஸ் ஆர்டர், கையில வாங்கு, ஒரு வெண்டர் கோடாவது (கம்பெனி சப்ளையருக்குக் குடுக்கற பதிவு நம்பர்) வாங்கு, அப்புறம் ஷெட். மானியத்தை கணக்குல சேர்க்காம இஎம்ஐ கட்ட முடியுதான்னு பாரு, முடிஞ்சா வா, வந்தா அது போனஸ். கரூர்ல பஸ் பாடிக்கு பிராக்கெட் பண்றியே, அந்த பார்ட்டியை விட்டுடாத, அவங்களும் எலக்ட்ரிக் பஸ் பாடி பத்தி விசாரிக்கறதா நீதான் சொன்ன. பாகலூர் ரோட்டுல ஒரு ஷெட் காலியா இருக்குன்னு நேத்து சொன்னாங்க, வாடகை ஓகே, 3 ஃபேஸ் லோடு எவ்வளவு இருக்கு, பழைய டெனண்ட் கரண்டு பாக்கி வச்சிட்டுப் போயிருக்கானான்னு திங்கக்கிழமை போய் மீட்டர் நம்பர் குறிச்சுட்டு வந்து சொல்றேன், அக்காகிட்ட இப்போதைக்கு எதுவும் சொல்லாத.